எருசலேம் ராஜ்ஜியத்தில் ரோமின் சொல் எவ்வளவு தூரம் எடுபட்டது?

ஏட்டுச்சுவடி

சிலுவைப் போர் என்றாலே போப் ஆட்டுவித்தார், மற்றவர்கள் ஆடினார்கள் என்ற சித்திரம் பள்ளிப் பாடப் புத்தகத்திலிருந்தே நம் மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. 1095இல் கிளெர்மோன்டில் இரண்டாம் அர்பன் அறைகூவினார் என்பது வரை சரி. அதற்குப் பிறகு? 1099 ஜூலை 15இல் எருசலேம் விழுந்தது. ஜூலை 29இல் அர்பன் இறந்தார். வெற்றிச் செய்தி அவர் காதுக்கு எட்டவேயில்லை. தன் பிரதிநிதியாக அவர் அனுப்பிய லெ புய் நகர ஆயர் அதெமார் அதற்கு ஓராண்டு முன்பே அந்தியோக்கியாவில் நோயில் இறந்திருந்தார். ஆக, நகரம் கைக்கு வந்த நாளில் ரோமுக்காகப் பேச அங்கே சரியான ஆள் இல்லை.

அந்த வெற்றிடத்தில் நுழைந்தவர் அர்னுல்ஃப். நார்மண்டி கோமகன் ராபர்ட்டின் படையோடு வந்த குருவானவர். நல்ல பேச்சாளர், நடத்தையைப் பற்றிப் படைவீரர்களே பாட்டுக் கட்டிக் கேலி செய்தார்களாம். ஆகஸ்டு மாதத்தில் அவரையே எருசலேமின் முதுபெரும் தந்தையாக, அதாவது அந்த ஊர்த் திருச்சபையின் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்து மாதம்கூட நிலைக்கவில்லை. ஆண்டு முடிவதற்குள் பீசா நகரப் பேராயர் டெய்ம்பர்ட் ஒரு பெரிய கப்பற்படையோடு வந்து இறங்கினார். கிறிஸ்துமஸ் சமயத்தில் அர்னுல்ஃப் இறக்கப்பட்டார், டெய்ம்பர்ட் ஏறினார். எருசலேமை ஆண்ட காட்ஃப்ரியும் அந்தியோக்கியாவை ஆண்ட பொஹிமண்டும் அவர் முன் மண்டியிட்டுத் தங்கள் நாடுகளை அவர் கையிலிருந்து பெற்றுக்கொண்டார்கள்.

இதைப் பார்த்து, 'ரோம் வந்துவிட்டது, ஆள ஆரம்பித்துவிட்டது' என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. காட்ஃப்ரிக்குத் தேவைப்பட்டது கப்பல். டெய்ம்பர்ட்டிடம் கப்பல் இருந்தது. அந்த நாட்டின் முதல் இருபது ஆண்டுகளில் போப்பின் தூதர்கள் எவரையும் ஆளவில்லை, உள்ளூர்க்காரர்கள்தான் ஒருவரை ஒருவர் வீழ்த்த அவர்களைப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

திண்ணைவாசகர்

மறுக்க வந்துவிட்டேன். கப்பல் மட்டும்தான் காரணம் என்றால், காட்ஃப்ரி யாப்பா துறைமுகத்தின் கால் பங்கைக் கொடுத்ததோடு நிறுத்தியிருக்கலாமே. 1100 ஈஸ்டரில் எருசலேம் நகரத்தையே, தாவீதின் கோபுரம் உட்பட, திருச்சபைக்குத் தருவதாக வாக்குக் கொடுத்தார். வேறு நகரம் பிடிக்கும் வரை, அல்லது வாரிசில்லாமல் சாகும் வரை தன்னிடம் இருக்கட்டும் என்ற நிபந்தனையோடு. கப்பலுக்கு வாடகையாக யாராவது தலைநகரத்தை எழுதிக் கொடுப்பார்களா? அந்தக் காலத்து மனிதனுக்கு 'புனித பேதுருவின் வாரிசு' என்ற சொல்லுக்கு இருந்த கனத்தை நீங்கள் குறைத்து மதிப்பிடுகிறீர்கள்.

கடலோடி

வாக்குக் கொடுத்தார், சரி. கொடுத்த வாக்கு என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா?

1100 ஜூலை 18இல் காட்ஃப்ரி இறந்தார். வாரிசு இல்லை. வாக்குப்படி நகரம் டெய்ம்பர்ட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் காட்ஃப்ரியின் வீட்டு ஆட்கள் தாவீதின் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு, எதெசாவிலிருந்த அவருடைய தம்பி பால்ட்வினுக்கு ஆள் அனுப்பினார்கள். டெய்ம்பர்ட் நம்பியிருந்தது பொஹிமண்டை. அவரோ ஆகஸ்டில் துருக்கியர் கையில் சிக்கிச் சிறைக்குப் போனார். பீசாக் கப்பல்களும் ஊர் திரும்பிவிட்டன. கப்பல் போனதும் பேராயரின் அதிகாரம் எவ்வளவு மிச்சமிருந்தது என்று பாருங்கள். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் பெத்லகேமில் பால்ட்வினுக்கு அரசராக முடிசூட்டியவர் இதே டெய்ம்பர்ட்தான். சரியாக ஓராண்டுக்கு முன் அவர் முன்னால் காட்ஃப்ரி மண்டியிட்டிருந்தார்.

நிறையப் பேர் கவனிக்காத இன்னொரு விஷயம்: கடல். குளிர்காலத்தில் மத்தியதரைக் கடலில் நீண்ட பயணம் போக மாட்டார்கள். ஒரு புகார் ரோமுக்குப் போய், விசாரணை நடந்து, தீர்ப்பு திரும்பி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம். அதற்குள் வாதியோ பிரதிவாதியோ போப்போ, யாராவது ஒருவர் இறந்திருப்பார்.

புதுமுகம்

ஒரு சந்தேகம். டெய்ம்பர்ட் போப்பின் தூதரா, இல்லை வெறும் பேராயரா? சில இடங்களில் தூதர் என்று படித்தேன்.

கோயில்மணி

அர்பன் அனுப்பிய தூதர் என்றுதான் நெடுங்காலமாக எழுதி வருகிறார்கள். அண்மைக்கால ஆய்வாளர்களில் சிலர் அதை ஏற்பதில்லை. பீசாக் கப்பற்படையின் தலைவராக வந்தார், அவ்வளவுதான் என்கிறார்கள். எப்படியிருந்தாலும் அர்பன் இறந்ததும் அந்தப் பதவிக்கு அவர் அளித்த அதிகாரம் பலவீனமாகிவிடுகிறது. புதிய போப் இரண்டாம் பாஸ்கல் தன் சார்பில் போர்ட்டோ ஆயர் மோரீஸைத் தனியாக அனுப்பினார் என்பதையும் கவனியுங்கள்.

அந்த மோரீஸ் வந்ததும் நடந்தது ஏட்டுச்சுவடியின் கட்சிக்குத்தான் வலு சேர்க்கிறது என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். பால்ட்வின் அவரிடம் டெய்ம்பர்ட்டைப் பற்றிப் புகார்ப் பட்டியலே வாசித்தார். 1101 ஈஸ்டருக்கு முன் டெய்ம்பர்ட் பதவி இடைநீக்கம் செய்யப்பட்டார். ஆஹன் நகரத்து ஆல்பர்ட் தரும் தகவலின்படி, டெய்ம்பர்ட் அரசருக்கு ரகசியமாக 300 பெசான்ட் தங்கக் காசு கொடுத்துத் தப்பித்துக்கொண்டார். ஆல்பர்ட் கிழக்குப் பக்கமே போகாதவர், அரசர் வீட்டுப் பக்கம் சாய்ந்து எழுதுபவர் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அந்த ஈஸ்டரில் இன்னொரு சங்கடம். திருக்கல்லறை ஆலயத்தில் ஆண்டுதோறும் தோன்றும் புனித நெருப்பு அந்த முறை குறித்த நேரத்தில் தோன்றவில்லை. கிரேக்க, சிரியக் குருக்களை ஆலயத்திலிருந்து ஒதுக்கி வைத்திருந்தார்கள்; நெருப்பு வராததற்கு அதுதான் காரணம் என்ற பேச்சு பரவியது. கிழக்குத் திருச்சபையினர் வந்து மன்றாடிய பிறகே நெருப்பு வந்தது என்கிறார்கள். அதன் பிறகு அவர்களை ஆலயத்திலிருந்து முழுதாக விரட்ட எவரும் துணியவில்லை.

ஏட்டுச்சுவடி

கோயில்மணிக்கு நன்றி. மீதிக் கதையை நான் முடிக்கிறேன். இதில்தான் என் வாதமே இருக்கிறது.

சில மாதங்களில் பணத் தகராறு மீண்டும் வெடித்தது. தெற்கு இத்தாலியிலிருந்து கோமகன் ரோஜர் அனுப்பிய 1000 பெசான்ட் நன்கொடையை மூன்றாகப் பிரித்துத் திருக்கல்லறைக்கும் மருத்துவ விடுதிக்கும் அரசரின் வீரர்களுக்கும் கொடுக்க வேண்டும். டெய்ம்பர்ட் முழுவதையும் வைத்துக்கொண்டார் என்பது குற்றச்சாட்டு. அவர் அந்தியோக்கியாவுக்கு, சிறையிலிருந்த பொஹிமண்டுக்குப் பதிலாக அங்கே ஆண்ட தாங்கிரட்டிடம் ஓடினார். 1102இல் பால்ட்வின் தோற்றுப்போய் உதவி கேட்டபோது, 'டெய்ம்பர்ட்டைத் திரும்ப அமர்த்து, அப்போதுதான் படை' என்றார் தாங்கிரட். அமர்த்தினார்கள். ஆபத்து நீங்கியது. உடனே அப்போது அங்கே வந்திருந்த கர்தினால் ராபர்ட் தலைமையில் சபை கூடியது, டெய்ம்பர்ட் மறுபடி இறக்கப்பட்டார், எவ்ரமார் என்ற சாதுவான குரு வந்தார்.

டெய்ம்பர்ட் விட்டாரா? பொஹிமண்டோடு இத்தாலி போய் பாஸ்கலிடம் முறையிட்டார். பாஸ்கல் அவர் பக்கமே தீர்ப்புச் சொன்னார்! தன்னுடைய கர்தினால் தலைமை தாங்கிச் செய்ததைத் தானே ரத்து செய்தார். வென்ற தீர்ப்போடு திரும்பும் வழியில் டெய்ம்பர்ட் மெசினாவில் இறந்துபோனார். எவ்ரமார் தன் கட்சியைச் சொல்ல ரோமுக்குப் போனார். யார் உண்மையான முதுபெரும் தந்தை என்று விசாரிக்க ஆர்ல் நகரப் பேராயர் கிபெலின் என்ற முதியவரை பாஸ்கல் அனுப்பினார். அவர் விசாரித்தார், எவ்ரமார் செல்லாது என்றார், 1108இல் தானே அந்த இருக்கையில் அமர்ந்துவிட்டார். நீதிபதியே சொத்தை எடுத்துக்கொண்ட வழக்கு. எவ்ரமாருக்கு ஆறுதலாக செசரியா பேராயர் பதவி.

1112இல் கிபெலின் இறந்ததும் வந்தவர் யார்? அர்னுல்ஃப். அரசருக்கு வேண்டியவர், பதின்மூன்று ஆண்டுகள் காத்திருந்தவர்.

இத்தனை சுற்றில் ரோமின் கொள்கை என்று ஏதாவது தெரிகிறதா, திண்ணைவாசகரே? பால்ட்வினின் கொள்கை தெரிகிறது. தாங்கிரட்டின் கொள்கை தெரிகிறது.

திண்ணைவாசகர்

தெரிகிறது. ஒரு சண்டைக்காரர்கூட 'ரோம் யார் எங்களுக்குச் சொல்ல?' என்று கேட்கவில்லை. எல்லோரும் ரோமுக்கு ஓடினார்கள். கீழ்க்கோர்ட்டை மதிக்காதவனும் மேல்முறையீட்டுக்குப் போனால் மேல்கோர்ட்டை ஏற்றுக்கொண்டான் என்றுதான் பொருள். ஒவ்வொரு முறையீடும் அந்த அதிகாரத்துக்கு ஒரு செங்கல்.

அர்னுல்ஃபையே எடுத்துக்கொள்வோம். 1113இல் அவர் தலைமையில் பால்ட்வினுக்குச் சிசிலியின் அதலெய்தா மணமுடிக்கப்பட்டார். பணக்கார விதவை, சிசிலியின் இரண்டாம் ரோஜரின் தாய் (நன்கொடை அனுப்பிய ரோஜர் வேறு). குழந்தை பிறக்காவிட்டால் எருசலேம் மகுடம் ரோஜருக்கு என்று ஒப்பந்தம். கப்பல் கப்பலாகச் செல்வம் வந்து இறங்கியது. சிக்கல் என்னவென்றால் பால்ட்வினின் ஆர்மேனிய மனைவி உயிரோடு இருந்தார். எருசலேமிலேயே ஒரு மடத்தில் தள்ளியிருந்தார்கள். 1115இல் போப்பின் தூதராக ஒராஞ்ச் ஆயர் பெரெங்கர் வந்து அர்னுல்ஃபைப் பதவி நீக்கினார். அர்னுல்ஃப் ரோமுக்குப் போனார். பாஸ்கல் அவரை மீண்டும் அமர்த்தினார், ஆனால் அந்தத் திருமணத்தைக் கலைத்தாக வேண்டும் என்றார். 1117இல் அதலெய்தா திருப்பி அனுப்பப்பட்டார். கொண்டு வந்த பணம் திரும்பவில்லை. ஒரு அரசரின் திருமணத்தையே கலைக்க முடிந்தது ரோமால். இது அதிகாரம் இல்லையா?

ஏட்டுச்சுவடி

அழகாகச் சொன்னீர்கள், ஆனால் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். அந்தத் திருமணத்தை நடத்தி வைத்ததும் அர்னுல்ஃப், பதவி வேண்டுமென்பதற்காகக் கலைத்து வைத்ததும் அர்னுல்ஃப். தவிர, 1117 வரை மகுடத்துக்குச் சிசிலிக்காரன் வருவான் என்ற பயம் எருசலேம் பிரபுக்களுக்கு வளர்ந்துகொண்டே இருந்தது. அரசர் கடுமையாக நோயுற்றிருந்த சமயம் அது. போப்பின் நிபந்தனை அவர்களுக்கு நல்ல சாக்கு. அதே பால்ட்வின் 1113இலேயே ரோமின் சட்டத்துக்கு அஞ்சியிருந்தால் திருமணமே நடந்திருக்காது.

விலை என்ன கொடுத்தார்கள் என்பது தனி. அதலெய்தா 1118இல் இறந்தார். மகன் இரண்டாம் ரோஜர் அந்த அவமானத்தை மறக்கவில்லை. தெற்கு இத்தாலியின் துறைமுகங்களும் கப்பல்களும் கையில் இருந்தும், அவரும் அவருடைய வாரிசுகளும் எருசலேமுக்குக் கைகொடுக்கவில்லை என்று இரு தலைமுறைக்குப் பின் தீர் நகரப் பேராயர் வில்லியம் கசப்போடு எழுதுகிறார்.

கடலோடி

அந்தியோக்கியாவை விட்டுவிட்டு இந்த விவாதம் நடக்கக் கூடாது. அங்கே ஒருவர் உண்மையாகவே 'ரோம் யார்?' என்று கேட்டார், திண்ணைவாசகரே.

டோம்ஃப்ரோன் ஊர்க்காரர் ரால்ஃப். 1135இல் ஆயர்கள் கூடித் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே மக்கள் கூச்சலிட்டு அவரை அந்தியோக்கியாவின் முதுபெரும் தந்தையாக்கிவிட்டார்கள். பேராயர் பதவிக்கு அடையாளமான பாலியம் என்னும் தோள் துண்டு ரோமிலிருந்து வர வேண்டும். அதற்குக் காத்திருக்காமல் புனித பேதுருவின் பீடத்திலிருந்து தானே எடுத்து அணிந்துகொண்டார். அவருடைய நியாயம்: பேதுரு முதலில் அமர்ந்தது அந்தியோக்கியாவில்தானே, ரோமுக்கு அப்புறம்தானே போனார்! குருவைவிடப் படைவீரனின் சாயல் அவரிடம் அதிகம் என்கிறார் வில்லியம்.

இளவரசி கான்ஸ்டன்ஸுக்கும் புவாத்தியே ரேமண்டுக்கும் திருமணம் முடித்துவைத்த தந்திரத்திலும் இவர் கை உண்டு. சிறுமியின் தாய் அலிஸிடம் மாப்பிள்ளை உங்களுக்குத்தான் என்று நம்ப வைத்துவிட்டு, ரேமண்ட் நகருக்குள் வந்ததும் மகளுக்கு மணமுடித்துவிட்டார்கள்.

அந்த ரேமண்டே பிறகு எதிரியானார். புகார் ரோமுக்குப் போனது. ரால்ஃபும் போனார், வழியில் சிசிலி மன்னர் ரோஜர் கையில் மாட்டி, பேசி விடுபட்டு, ரோமில் தான் எடுத்துக்கொண்ட பாலியத்தை ஒப்படைத்துவிட்டு முறைப்படி புதிதாக ஒன்று பெற்றார். கடைசியில் ஒஸ்தியா ஆயர் ஆல்பெரிக் தூதராக வந்து, 1140 நவம்பர் 30இல் அந்தியோக்கியாவில் சபையைக் கூட்டினார். ரால்ஃப் சபை முன் வரவேயில்லை. பதவி பறித்து விலங்கிட்டு மடத்தில் அடைத்தார்கள். தப்பித்து மறுபடி ரோமுக்குப் போய் ஆதரவு பெற்றார். அங்கே நஞ்சூட்டப்பட்டு இறந்தார் என்கிறார் வில்லியம்.

திண்ணைவாசகர்

பார்த்தீர்களா? 'ரோம் யார்?' என்று கேட்டவரும் கடைசியில் பாலியத்தைக் கழற்றிக் கொடுத்தார்.

கடலோடி

ரேமண்டின் ஆட்கள் விலங்கு மாட்டினார்கள். ஆல்பெரிக் தனியாக வந்து மாட்டியிருந்தால் நான் உங்கள் கட்சி. அடுத்து வந்த எமெரி என்ன பாடுபட்டார் என்று பாருங்கள். கான்ஸ்டன்ஸின் இரண்டாம் கணவர் ஷாத்தியோன் ரெனால்டு இந்த வயோதிகரை அடித்து, தலையில் தேன் தடவி, கோட்டை உச்சியில் ஒரு கோடைப் பகல் முழுக்க வெயிலில் ஈ மொய்க்க உட்கார வைத்தார். பணம் தர மறுத்ததற்கும் தன் திருமணத்தை இகழ்ந்ததற்கும் தண்டனை. எமெரியை விடுவித்தது போப்பின் கடிதம் இல்லை. எருசலேம் அரசர் மூன்றாம் பால்ட்வின் அனுப்பிய ஆட்கள்.

கோயில்மணி

நீங்கள் இருவரும் முதுபெரும் தந்தையரையே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். ரோமின் உண்மையான பிடி வேறு வழியாக உள்ளே வந்தது: சலுகைப் பத்திரங்கள்.

1113இல் பாஸ்கல் எருசலேம் மருத்துவ விடுதியைத் தன் பாதுகாப்பின் கீழ் எடுத்துக்கொண்டார். 1139இல் இரண்டாம் இன்னொசென்ட் போர்புரியும் துறவியரான கோயில் வீரர்களுக்கு (டெம்ப்ளர்கள்) ஏறக்குறைய எல்லா ஆயர்களின் அதிகாரத்திலிருந்தும் விலக்குக் கொடுத்தார். 1154இல் நான்காம் அனஸ்தாசியஸ் மருத்துவ விடுதித் துறவியருக்கும் அதே போன்ற விரிவான விலக்குத் தந்தார். இவர்கள் தசமபாகம் தர வேண்டியதில்லை. உள்ளூர் ஆயர் வழிபாட்டுத் தடை விதித்தாலும் தங்கள் கோயிலில் கதவைச் சாத்திக்கொண்டு, மணி அடிக்காமல், திருப்பலி நடத்தலாம்.

மணி அடிக்காமல் என்பதுதான் நடக்கவில்லை. திருக்கல்லறை ஆலயத்தின் எதிரே மருத்துவ விடுதித் துறவியரின் கட்டடங்கள் உயர்ந்து நின்றன. முதுபெரும் தந்தை ஃபுல்ச்சர் மக்களுக்கு மறையுரை ஆற்ற எழும்போதெல்லாம் அவர் குரல் கேட்காதபடி அத்தனை மணிகளையும் ஒன்றாக அடித்தார்களாம். ஒரு நாள் ஆயுதத்தோடு வந்து ஆலயத்துக்குள் அம்பு விட்டார்கள். அந்த அம்புகளைப் பொறுக்கிக் கட்டி கல்வாரி பீடத்தின் முன் தொங்கவிட்டிருந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்ததாக வில்லியம் எழுதுகிறார்.

1155இல் ஃபுல்ச்சர் கிட்டத்தட்ட நூறு வயதில் ஆயர்களை அழைத்துக்கொண்டு கப்பல் ஏறினார். தெற்கு இத்தாலியில் போர். போப் நான்காம் அட்ரியன் இடம் மாறிக்கொண்டே இருந்தார். இவர்கள் பின்னாலேயே அலைந்து ஃபெரெந்தினோவில் பிடித்தார்கள். பல நாள் வாதம். வெறுங்கையோடு திரும்பினார்கள். கர்தினால்கள் பரிசுக்கு விலை போனார்கள், நியாயத்தின் பக்கம் நின்றவர்கள் இரண்டு பேர்தான் என்பது வில்லியமின் தீர்ப்பு. அந்த இருவரில் ஒருவர் ஒக்டேவியன். நான்கு ஆண்டுகள் கழித்து மூன்றாம் அலெக்சாண்டருக்கு எதிராகத் தன்னைப் போப் என்று அறிவித்துக்கொண்ட அதே ஒக்டேவியன்!

ஏட்டுச்சுவடியின் வாதம் இங்கே உடைகிறது என்று நினைக்கிறேன். உள்ளூர் ஆயர்கள் அத்தனை பேரும் ஒரு பக்கம் நின்றும் ரோம் அசையவில்லை. ஐரோப்பா முழுக்க நிலமும் பணமும் வைத்திருந்த இரு சபைகள் தனக்கு நேரடியாகக் கட்டுப்பட்டிருப்பதுதான் போப்புக்கு வேண்டியிருந்தது.

புதுமுகம்

வில்லியமும் ஒரு கட்சிக்காரர் இல்லையா? அவரும் பேராயர், அந்தச் சபைகளோடு தசமபாகத் தகராறு அவருக்கும் இருந்திருக்குமே.

கோயில்மணி

கட்சிக்காரர்தான். லஞ்சக் கதையை அப்படியே விழுங்க வேண்டாம். ஆனால் சலுகைப் பத்திரங்கள் இருக்கின்றன. 1179இல் மூன்றாம் லாத்தரன் பொதுச்சங்கத்திலும் இந்த இரு சபைகளும் தங்கள் சலுகைகளை மீறுகின்றன என்று தனியாக ஒரு விதி போட வேண்டியிருந்தது. வில்லியம் அந்தச் சங்கத்தில் கலந்துகொண்டார்.

ஏட்டுச்சுவடி

சபைகள் விஷயத்தில் கோயில்மணி சொல்வது வலுவான வாதம், மறுக்கவில்லை. ஆனால் போப் பிளவு வந்ததும் இதே ராஜ்ஜியம் என்ன செய்தது? அலெக்சாண்டரின் தூதர் கர்தினால் ஜான் கப்பலில் வந்து ஜுபைலில் இறங்கி அனுமதிக்குக் காத்திருந்தார். ஆயர்களும் பிரபுக்களும் நாசரேத்தில் கூடினார்கள். அரசர் சொன்ன யோசனையைக் கேளுங்கள்: இரண்டு பக்கமும் சேர வேண்டாம், ஆசையிருந்தால் பதவிச் சின்னங்கள் இல்லாமல் யாத்திரிகராக வந்து கும்பிட்டுவிட்டு அடுத்த கப்பலில் போகட்டும். தூதர் வந்தால் கோயில்களுக்குச் செலவு என்றும் சொன்னார். ஆயர்கள் அதை ஏற்காமல் அலெக்சாண்டரையே ஏற்றுக்கொண்டார்கள் என்பது உண்மை. தூதரை வரவேற்றவர்களே பிறகு பாரம் தாங்காமல் முனகினார்கள் என்பதும் உண்மை.

திண்ணைவாசகர்

1229ஐ எடுக்காமல் இதை முடிக்க விட மாட்டேன். பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக் 1227இல் ஒன்பதாம் கிரகோரியால் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவர். அந்த நிலையிலேயே கிழக்கே வந்தார். 1229 பிப்ரவரியில் எகிப்து சுல்தான் அல்-காமிலோடு பேசி, 1187இல் முஸ்லிம்களிடம் இழந்திருந்த எருசலேமையும் பெத்லகேமையும் ஒரு சண்டையும் இல்லாமல் பெற்றார். அல்-அக்ஸா மசூதி இருக்கும் ஹரம் அல்-ஷரீஃப் வளாகம் முஸ்லிம்களிடமே இருந்தது. மார்ச் 18இல் திருக்கல்லறை ஆலயத்தில் குருமார் யாரும் முடிசூட்டாமல் மகுடம் தரித்தார். மறுநாள் செசரியா பேராயர் வந்து, முதுபெரும் தந்தை ஜெரோல்டின் ஆணைப்படி எருசலேமுக்கே வழிபாட்டுத் தடை விதித்தார். எந்த நகரத்துக்காக 130 ஆண்டுகள் இரத்தம் சிந்தினார்களோ அந்த நகரத்தில், அது திரும்பி வந்த உடனேயே, வழிபாடு கூடாது! மே 1இல் அக்கோவில் கப்பலேறப் போன பேரரசர் மீது கசாப்புக்காரர்கள் குடலையும் கழிவையும் எறிந்தார்கள். ரோமின் சொல்லுக்கு எவ்வளவு கனம் என்று இப்போது சொல்லுங்கள்.

ஏட்டுச்சுவடி

அக்கோ மக்கள் எறிந்தது போப்புக்காகவா? உள்ளூர்ப் பிரபுக்களான இபெலின் குடும்பத்தாரின் பெய்ரூட்டைப் பறிக்கப் பார்த்தவர், ஊர்ப் பிரபுக்களைக் கேட்காமல் சுல்தானிடம் ஒப்பந்தம் போட்டவர், அக்கோவில் முதுபெரும் தந்தையையும் கோயில் வீரர்களையும் படை வைத்து வளைத்தவர். கோபத்துக்கு உள்ளூர்க் காரணங்களே தாராளம். ஜெரோல்டின் கோபத்திலும் பாதி நிலம். திரும்பக் கிடைத்தவற்றில் தன் திருச்சபையின் பழைய சொத்துகள் இல்லை என்று அவர் கடிதத்திலேயே குமுறுகிறார்.

1229க்குப் பிறகு நடந்ததை ஏன் சொல்லவில்லை? 1230இல் கிரகோரியும் ஃபிரெடெரிக்கும் சான் ஜெர்மானோவில் சமாதானமானார்கள். 1231இல் போப் அவரை எருசலேம் அரசர் என்றே விளித்துக் கடிதம் எழுதினார். 1232இல் ஜெரோல்டிடமிருந்து தூதர் அதிகாரத்தை எடுத்து அந்தியோக்கியா முதுபெரும் தந்தையிடம் கொடுத்தார். 1235இல் ராவென்னா பேராயர் போப்பின் தூதராக அக்கோவுக்கு வந்து, ஃபிரெடெரிக்கின் ஆளுநர் ஃபிலாங்கியேரிக்குக் கீழ்ப்படியுங்கள் என்றார். நகரத்தார் முடியாது என்றார்கள். அவர் அக்கோவுக்கு வழிபாட்டுத் தடை விதித்தார். ஆறே ஆண்டுகளில் அதே ஆயுதம், அதே பேரரசருக்காக!

கோயில்மணி

அந்தத் தடையையும் கிரகோரிதான் நீக்கச் சொன்னார், அக்கோவிலிருந்து தூது போன பிறகு. உங்கள் இருவருக்கும் ஆளுக்குப் பாதி.

புதுமுகம்

ஃபிலாங்கியேரி பிறகு என்ன ஆனார்?

கடலோடி

தீர் நகரத்தைப் பிடித்துக்கொண்டு இன்னும் சில ஆண்டுகள் இருந்தார். 1240களின் தொடக்கத்தில் வெனிஸ்காரர்களும் ஜெனோவாக்காரர்களும் இபெலின்களோடு சேர்ந்து அதையும் பிடித்தார்கள். அதே வெனிஸும் ஜெனோவாவும் 1256இல் அக்கோவில் புனித சபாஸ் மடத்துக்காக ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டபோது முதுபெரும் தந்தையாக இருந்தவர் ஜாக் பந்தலேயோன். 1261இல் நான்காம் அர்பன் என்ற பெயரில் போப்பானவர். அதற்கு வேறு இழை திறக்கிறேன், இங்கே இடம் போதாது.